‘வெளியிடாதவை’ என்று பெயரிட்ட கட்டு

இன்று காலை பென்ஷனுக்கு வேண்டிய உயிர்வாழ் சான்றிதழுக்காகப் பழைய தாள்களை எடுத்தேன். மேல் மூலையில் ஒரு குண்டூசி. இழுத்தபோது ஊசி வந்துவிட்டது, துரு தாளிலேயே தங்கிவிட்டது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் ஒரு சின்னக் கோடு, அடுத்த தாளிலும் அதற்கடுத்த தாளிலும் அதே இடத்தில். நீ இருந்திருந்தால், “ரெக்கார்டு செக்‌ஷன்ல இருந்தவ வீட்லயே இப்படியா லில்லி?” என்று கேட்டிருப்பாய். கேட்டுவிட்டு, எந்தத் தாளில் துரு அதிகம் இறங்கியிருக்கிறது, ஏன் என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்திருப்பாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் உன்னிடம் அறிவியல் படித்தவர்கள். என்னை யாரென்று கேட்டவர்களிடம் ‘தோழி’ என்று சொன்னேன். எப்படிப் பழக்கம் என்று கேட்டபோதுதான் திணறினேன். உன் வீட்டுத் தாள்களிலிருந்து குண்டூசி பிடுங்கிப் பழக்கம் என்றால் யாருக்குப் புரியும்?

முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். வேலூர் ஆஸ்பத்திரியில், ரெக்கார்டு செக்‌ஷன் ஜன்னலில் நீ நின்றாய். உன் அப்பா காலமாகி இரண்டு வாரம். அவர் சேர்க்கப்பட்ட தேதி ஏதோ ஒரு படிவத்துக்கு வேண்டியிருந்தது. நான் உள்ளே போய் ஃபைலை எடுத்து வந்து தேதி எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாய்.

“இத்தன ஃபைல்ல எங்கப்பாவ எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

நம்பரைச் சொன்னேன். நம்பரின் கடைசி இரண்டு எண்ணை வைத்து அலமாரி, அதற்கு முந்தைய இரண்டை வைத்துத் தட்டு என்று சொன்னேன். “முன்னாடி இருந்து பாக்காம ஏன் பின்னாடி இருந்து பாக்கறீங்க?” என்றாய். உனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. அப்பா செத்து இரண்டு வாரம்தான் ஆகிறது, இது என்ன மாதிரிப் பெண் என்று நினைத்தேன். பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரை யாரும் என் வேலையைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அடுத்த வாரமே திரும்ப வந்தாய். “எங்க வீட்ல ஒரு ரூம் முழுக்கத் தாளு. அப்பா பத்திரிகை நடத்தினவரு. மெட்ராஸ்ல ஒரு நூலகத்துல கேக்கறாங்க, ஆனா ஒழுங்கு பண்ணிக் குடுக்கணுமாம். உங்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம் லீவா?”

பத்திரிகையின் பெயரைச் சொன்னபோது எனக்குத் தெரிந்திருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் என் அப்பாகூட அதைக் கொஞ்ச நாள் ஆம்பூர் ஸ்டேஷன் கடையில் வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

தோட்டப்பாளையத்தில் உங்கள் வீடு. முன்பக்கம் அச்சகம், பின்பக்கம் குடித்தனம். நான் வந்தபோது அச்சகத்தில் எந்திரம் இல்லை, விற்றாயிற்று. அது நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அந்த அறையில்தான் உட்கார்ந்தோம். இருபது வருஷத்து வாரப் பத்திரிகை, வருஷ வாரியாகப் பைண்டு செய்தது. உன் அம்மா எழுதிய சிறுகதை நோட்டுகள். அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்த உன் சித்தப்பாவின் கவிதைகள். உங்கள் வீட்டில் எழுதாதவர்கள் நீயும் உன் அண்ணனும்தான். “நாங்க ரெண்டு பேரும் படிக்கறதுக்குன்னு பொறந்தவங்க. யாராவது படிக்கணும்ல?” என்பாய்.

முதல் மாதம் நான் உன்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டேன். ஒருநாள், “நான் உனக்கு எந்தப் பாடமும் நடத்தல. நீதான் எனக்கு அடுக்கச் சொல்லித் தர்ற. பேரச் சொல்லிக் கூப்டு,” என்றாய். உடனே வரவில்லை. எங்கள் தெருவில் வளர்ந்தவளுக்கு உங்கள் தெருவில் இருக்கிற ஒருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எளிதில் வராது. அதுவும் உனக்குத் தெரிந்துதான் இருந்தது. நீ வற்புறுத்தவில்லை. ஒருநாள் நான் ஏணியில் ஏறி நிற்கும்போது மேல் தட்டிலிருந்து ஒரு கட்டு சரிந்தது. உன் பெயரைக் கத்திவிட்டேன். கீழே நின்றிருந்த நீ கட்டைப் பிடிக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாய். அதோடு சரியாயிற்று.

அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு எப்படி இருந்தன என்று உன்னிடம் சொன்னதே இல்லை. அடுத்த தாளில் என்ன இருக்கும் என்று ஆஸ்பத்திரியிலேயே மனம் அலையும். உன் அம்மாவின் கதை ஒன்றின் அச்சுப் பிழை திருத்தும் தாள் கிடைத்தது. ஓரத்தில் உன் அம்மாவின் கையெழுத்து: ‘வேலைக்காரி என்று மட்டும் போடாதீர்கள். பெயர் வையுங்கள்.’ கீழே உன் அப்பா: ‘இடமில்லை.’ அதற்குக் கீழே மறுபடி அம்மா: ‘அப்படியானால் கதையைத் திருப்பிக் கொடுங்கள்.’ கடைசியில் உன் அப்பாவின் சிவப்பு மையில் ஒரே சொல்: ‘ராஜம்மாள்.’

“ஒரே வீட்ல இருந்துட்டு ஏன் எழுதிக்கிட்டாங்க?” என்று கேட்டேன்.

“அடுக்களைல சண்ட போட்டா நாங்க கேட்ருவோம்னு,” என்றாய். பிறகு நீயே, “இல்ல, எழுதினா ரெண்டு பேருக்குமே கோவம் வராது,” என்று மாற்றிக்கொண்டாய்.

சித்தப்பா கவிதைகளை ரயில்வே படிவங்களின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தார். ‘ஓடும் பாலாறே’ என்று ஒன்று தொடங்கியது. உன் அப்பா ‘ஓடும்’ என்பதை அடித்துவிட்டு, ‘பாலாறு ஓடி நான் பார்த்ததில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். சித்தப்பாவின் பதில் இன்னொரு படிவத்தின் பின்னால்: ‘கவிதையில் ஓடும்.’ இதே சண்டை இரண்டு வருஷம் தபாலில் போய்க்கொண்டிருந்தது. அந்தப் படிவங்களைத் தேதிப்படி தரையில் பரப்பி வைத்து நாம் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு அந்தக் கட்டு வந்தது.

பச்சைத் துணியில் சுற்றி, மேலே அட்டையில் உன் அப்பாவின் எழுத்தில் ‘வெளியிடாதவை’ என்று இருந்தது. வாசகர் கடிதங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலில் காரணம் குறித்திருந்தார். ‘நீளம்.’ ‘அவதூறு.’ ‘ஏற்கெனவே வந்தது.’ ஒன்றில், ‘இவருக்கு உடம்பு சரியில்லை, நேரில் போய்ப் பார்க்க வேண்டும்’ என்றுகூட இருந்தது. நீ ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, நான் நம்பர் போட்டுக்கொண்டே வந்தேன். கட்டின் கடைசிக்கு முன்னால் ஒன்றை எடுத்துப் புரட்டி, “இதுல காரணமே போடல,” என்று என் பக்கம் நீட்டினாய்.

கையெழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மிஷன் இராப்பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து. ‘ற’வின் காலை அடுத்த வரி வரைக்கும் இழுக்கிற பழக்கம் என் அப்பாவுக்கு மட்டும்தான். என் ஸ்கூல் ரிப்போர்ட்டுகளில் பத்து வருஷம் பார்த்த கையெழுத்து.

‘பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு. நான் ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறேன். எங்கள் தெருக் கிணறு உப்பாகிவிட்டது. சோறு பொங்கினால் மஞ்சள் ஏறுகிறது. பிள்ளைகளின் காலில் புண் ஆறுவதில்லை. தொழிற்சாலைக் கழிவு நீர் ஓடையில் விடப்படுகிறது, ஓடை கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுகிற ஆட்களில் நானும் ஒருவன். நாங்களே கெடுத்து நாங்களே குடிக்கிறோம். இதை அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும். இப்படிக்கு, மு. ஆசீர்வாதம்.’ கீழே தெருவின் பெயர், டேனரியின் பெயர், தன் டோக்கன் நம்பர் எல்லாம் எழுதியிருந்தார்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். “யாரு லில்லி?”

“எங்க அப்பா.”

கடிதத்துக்குப் பின்னால் இன்னொரு தாள் குத்தியிருந்தது. நீதான் அதைப் பிரித்தாய். என் அப்பாவின் கடிதம் முழுதும் அச்சுக் கோத்து, திருத்துவதற்காக எடுத்த தாள். ‘ஒரு தொழிலாளியின் கடிதம்’ என்று தலைப்பு. ஓர் ஒற்றுப் பிழையை உன் அப்பா திருத்தியிருந்தார். அடியில் என் அப்பாவின் பெயர் தடித்த எழுத்தில். அதாவது எல்லாம் தயாராகி, எந்திரத்தில் ஏறுவது மட்டும்தான் பாக்கி.

நீ எழுந்து போய் அந்த வருஷத்துப் பைண்டை எடுத்தாய். கடிதத்தின் தேதியிலிருந்து ஒவ்வொரு வாரமாகப் புரட்டினாய். எங்கும் இல்லை. ஸ்கூல் பையிலிருந்து அடிக்கோலை எடுத்து அந்தத் தாளின் நீளத்தை அளந்தாய். பிறகு ஒவ்வொரு இதழிலும் மூன்றாம் பக்கத்தை அளந்தாய். மூன்றாவது இதழில் நிறுத்தினாய். ‘பற்களைப் பாதுகாப்பது எப்படி’ என்று யாரும் கையெழுத்திடாத ஒரு கட்டுரை. அதே அகலம், அதே நீளம்.

“இங்கதான் இருந்திருக்கு. எடுத்துட்டு இத வெச்சிருக்காரு.”

அந்த இதழை அப்படியே கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினாய். பக்கத்தின் கீழ்ப் பாதி முழுக்க விளம்பரம். என் அப்பா பெயர் எழுதியிருந்த அதே டேனரி. முந்தைய வாரமும் இருந்தது, அடுத்த வாரமும் இருந்தது.

நான் கிளம்பிவிட்டேன். குடையைக்கூட எடுக்கவில்லை. காட்பாடியில் ரயிலுக்கு நிற்கும்போது, இவ்வளவு நாள் அந்த மனிதரின் தாள்களைத்தான் துடைத்துத் துடைத்து அடுக்கினேனா என்று எரிந்தது. உன்மேல் கோபமில்லை என்று பிறகு சொன்னேன் அல்லவா, அது பொய். உன்மேலும்தான் கோபம். உன் அடிக்கோல்மேல் கோபம். என் அப்பாவின் கடிதத்தை நீ ஒரு சோதனைக் குழாய் மாதிரி தூக்கிப் பிடித்துப் பார்த்ததுபோல் இருந்தது.

இரண்டு சனிக்கிழமை நான் வரவில்லை. அப்பாவிடம் எதுவும் கேட்கவும் வாய் வரவில்லை. அவர் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. கை விரல்களெல்லாம் சுண்ணாம்பு தின்று வழுவழுப்பாக, ரேகை இல்லாமல் இருக்கும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். “இங்க லில்லி வீடு எது?” என்று தெருவில் உன் குரல். ஆம்பூரில் இறங்கி, ஆற்று மணலைக் கால் கொதிக்க நடந்து தாண்டி வந்திருந்தாய். ஒரு கையில் என் குடை. வெயிலில் அதைக்கூட விரிக்காமல் மடித்தே எடுத்து வந்திருந்தாய். இன்னொரு கையில் பழுப்பு உறை.

அப்பா கட்டிலிலிருந்து எழுந்து, “உக்காருங்க டீச்சரம்மா,” என்றார். நீ உட்காரவில்லை. உறையிலிருந்து கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாய். “இது உங்களது. எங்கப்பா பெட்டில இருந்துச்சு.”

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். முழுதும் படித்தார். தன் எழுத்தையே புது ஆள் எழுத்து மாதிரி விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது இன்னும் இருக்குதா? குப்பைல பூடுச்சின்னு நெனச்சேன்.”

“ஏன் போடலன்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?” என்று கேட்டாய். நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசல்படியில் வந்து நின்றேன்.

“அவுரு வந்தாரும்மா. இங்கியே வந்தாரு.”

நம் இருவருக்கும் அது புதுச் செய்தி. நீ அப்போதுதான் உட்கார்ந்தாய்.

“ஒரு ஞாயித்துக்கெழம. சைக்கிள்ல வந்தாரு. கெணத்தாண்ட போய்ப் பாத்தாரு, ஓடையப் பாத்தாரு, எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கினாரு. அப்பால இங்க குந்திக்கினு, ‘ஆசீர்வாதம், இத கண்டிப்பா போடறேன், ஆனா பேர் போட வாணாம், ஒரு தொழிலாளின்னு போட்டுக்கலாம்’னாரு. நான் ஒத்துக்கல. ‘பேர் இல்லாம போட்டா எவன்னா பொழுது போகாம எழுதுனான்னு சொல்லிடுவாங்க சார். குழில எறங்குறவன் சொல்றான்னு தெரியணும்’னேன். ‘வேல பூடும்யா’ன்னாரு. ‘அது என் பாடு’ன்னேன்.”

“அப்புறம்?”

“மூணு புள்ளைங்க வெளாடிக்கினு இருந்துச்சிங்க, இவ உள்பட. அவுங்களயே பாத்துக்கினு இருந்தாரு. ‘யோசிக்கிறேன்’னு கெளம்பிட்டாரு. நான் வாராவாரம் ஸ்டேசன் கடைல வாங்கிப் பாத்தேன். ஆறு மாசம் பாத்தேன். அப்பால வுட்டுட்டேன்.”

ஆறு மாதம் அவர் அந்தப் பத்திரிகையை வாங்கிவந்து கடைசி வரி வரைக்கும் படித்தது என் கண் முன்னால் வந்தது. அப்பாவுக்குப் பேப்பர் படிக்கிற ஆசை வந்துவிட்டது என்று நானும் அம்மாவும் பேசிக்கொண்டோம்.

உன் அப்பாவை நல்லவராக்குகிற ஒரு காரணம் உன் மடியில் வந்து விழுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு நீ வீட்டுக்குப் போயிருக்கலாம். நீ சொன்னது இது:

“இன்னொண்ணும் சொல்லணும் ஐயா. அந்த டேனரி விளம்பரம் கடைசிப் பக்கத்துல வாராவாரம் வந்துச்சு. அது இல்லன்னா பத்திரிகை நடந்திருக்காது. அதனாலயும் இருக்கும்.”

அப்பா உன்னையே பார்த்தார். “இருக்கும்மா. ரெண்டும் இருக்கும். எனக்குப் புள்ளைங்க, அவுருக்குப் பேப்பரு.”

பிறகு நீ நோட்டை எடுத்து, அப்பா சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதினாய். சைக்கிள் என்ன நிறம், மாதம் எது, கிணற்றில் அப்போது தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதினாய். அப்பாவுக்கு அந்தக் கேள்விகள் பிடித்திருந்தன. தெரியாததைத் தெரியாது என்றார். முடித்ததும் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினாய். போடுவதற்கு முன்னால் அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, “இத இன்னா பண்ணப் போறீங்க?” என்றார்.

“கடிதத்தோட சேத்து நூலகத்துல குடுக்கறேன். யார் வேணாலும் எடுத்துப் படிக்கலாம்.”

“பேரோடயா?”

“முழுப் பேரோட.”

போட்டார்.

ரயிலடி வரைக்கும் உன்னோடு நடந்து வந்தேன். அரை வழியில்தான் பேசினேன். “அன்னைக்கு அது அச்சுல வந்திருந்தா அப்பா வேல போயிருக்கும். நான் எட்டாவதோட நின்னுருப்பேன். இந்த ஆஸ்பத்திரி வேலயும் கிடையாது.” உனக்கு ஆறுதலாகத்தான் சொன்னேன்.

நீ மணலில் நின்றுவிட்டாய். “அப்படிச் சொல்லாத. அத முடிவு பண்ண வேண்டியது உங்கப்பா, எங்கப்பா இல்ல.”

உன் அண்ணன் வந்தது அடுத்த மாதம். சென்னையில் வங்கி அதிகாரி. பெட்டிகளை ஏற்றிப்போக வேனோடு வந்தார், வழியில் ஆற்காட்டில் நிறுத்தி மக்கன் பேடா வாங்கிவந்திருந்தார். எனக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்து, “நீங்கதான் எல்லாம் அடுக்கினதாமே, ரொம்ப நன்றிம்மா,” என்றார். நல்ல மனிதர். என் பட்டியலை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவர் பச்சைக் கட்டில் நின்றார். நீ எல்லாவற்றையும் சொன்னாய். ஆசீர்வாதம் யாருடைய அப்பா என்பதைத் தவிர ஒன்றையும் குறைக்கவில்லை.

“இது போக வேணாம்,” என்றார். “கதை போகட்டும், கவிதை போகட்டும், பத்திரிகை போகட்டும். இது எதுக்கு? அவரு இருபது வருஷம் ஒண்டியா கஷ்டப்பட்டு நடத்தினாரு. நாளைக்கு எவனோ வந்து இந்த ஒரு தாள வெச்சிக்கிட்டு அவரு வெல போனவருன்னு எழுதுவான்.”

“எழுதட்டும். பக்கத்துலயே ஆசீர்வாதம் ஐயா சொன்னதும் இருக்கு. ரெண்டயும் படிச்சிட்டு எழுதட்டும்.”

“அப்பா பேரு கெடறதுல உனக்கு என்ன வருது?”

“அண்ணா, அவரு இத எரிச்சிருக்கலாம். அச்சகத்துல தெனம் குப்பை எரிப்போம். ஏன் எரிக்கல? கட்டி, துணி சுத்தி, பேரு போட்டு வெச்சிருக்காரு. அவரு வெச்சத நான் எப்படி எடுக்கறது?”

“வெச்சுக்கறது வேற. ஊருக்குக் காட்டறது வேற.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தப்பா நெனைக்காதம்மா. இது எங்க குடும்ப விஷயம்.”

“எங்க அப்பா கடிதம் சார் அது,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அடுக்கிக் கொடுக்க வந்த பெண் என்று மட்டுமே அதுவரை என்னை நினைத்திருந்தார். அது முகத்தில் மாறியது. கட்டை அவிழ்த்து அந்தத் தாளை எடுத்தார். தலைப்பை, திருத்திய ஒற்றெழுத்தை, அடியில் இருந்த பெயரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இந்தத் தலைப்பு எனக்கு ஞாபகம் இருக்கு,” என்றார் மெதுவாக. “காலேஜ் லீவுல வந்திருந்தேன். பக்கம் கட்டியாச்சு. சாயங்காலம் அப்பா அச்சுக் கோக்கற கம்பாசிட்டர வீட்டுக்கு அனுப்பிட்டாரு. தானே ஸ்டூல்ல உக்காந்து இந்த ஒண்ண மட்டும் பிரிச்சாரு. ஒவ்வொரு ஈய எழுத்தா எடுத்து எழுத்துப் பெட்டில அதது அறைல போட்டாரு. நான் ஒத்தாசைக்குப் போனேன். ‘நீ தொடாத’ன்னுட்டாரு.”

அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. நீ உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். மற்ற பெட்டிகளெல்லாம் வேனில் ஏறின. பச்சைக் கட்டை மட்டும் அவர் மேசையிலேயே வைத்துவிட்டார். “நான் குடுக்க மாட்டேன். உன்னத் தடுக்கவும் மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அதன் பிறகு நெடுநாள் அவர் உனக்குக் கடிதம் எழுதவில்லை. நீ மட்டும் எப்போதும்போல் எழுதிக்கொண்டிருந்தாய். பொங்கலுக்கு, அவர் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு. அவர் பதிலைப் பற்றி நான் கேட்டால், “எழுதுவான். எங்க வீட்ல எழுதாம யாராலயும் இருக்க முடியாது,” என்பாய். மூன்றாவது கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வந்தது. எதைப் பற்றியும் எழுதவில்லை, வாழ்த்து மட்டும்தான். அதைக் கொண்டுவந்து ரெக்கார்டு செக்‌ஷன் ஜன்னலில் எனக்குக் காட்டினாய்.

கட்டை நீயும் நானும்தான் ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோனோம். கொடுப்பதற்கு முந்தின நாள் என் அப்பாவின் கடிதத்தை உன் கையால் ஒரு நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டாய். எதற்கென்று கேட்டேன். “தெரியல. வேணும்னு தோணுது,” என்றாய்.

எண்பதுகளின் நடுவில் அப்பா இறந்தார். மூன்றாம் நாள் ஜெபத்துக்குத் தெருவே வந்திருந்தது. முக்கால்வாசிப் பேர் டேனரியில் அவரோடு வேலை செய்தவர்கள். சபை ஐயர் ஜெபம் முடித்ததும் நீ அந்த நோட்டோடு என்னிடம் வந்து, “லில்லி, படிக்கவா?” என்று மட்டும் கேட்டாய். தலையாட்டினேன்.

பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் நின்று, வகுப்பில் படிப்பதுபோல் தெளிவாகப் படித்தாய். ‘நாங்களே கெடுத்து நாங்களே குடிக்கிறோம்’ என்ற இடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். டோக்கன் நம்பர் வரைக்கும் படித்து நிறுத்தினாய். அப்பாவோடு அதே குழியில் இறங்கிய ஏழுமலை மாமா முன்வரிசையில் இருந்தார். அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது. பெருமை தாங்காமல் சுற்றிலும் பார்த்துவிட்டு உன்னைக் கேட்டார்:

“எந்தப் பேப்பர்லம்மா வந்துச்சு இது?”

அந்த இடத்தில் உன் அப்பா யாரென்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு பழைய பேப்பர் என்றால் போதும். மாமா சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். என் அப்பாவுக்குக்கூட அது மரியாதையாகத்தான் இருந்திருக்கும். நீ நோட்டை மூடினாய்.

“வரலைங்க,” என்றாய். “எங்கப்பாதான் அந்தப் பத்திரிகை நடத்தினாரு. அவரு போடல.”

ஏழுமலை மாமா உன்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நகர்ந்து, பாயில் தன் பக்கத்தில் இடம் விட்டார். “குந்தும்மா,” என்றார். நீ போய் உட்கார்ந்தாய்.

உன்னிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பதிலைத்தான். அதை எப்படிச் சொல்வது என்று பழக எனக்குப் பல வருஷம் ஆனது. நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு ஃபைலைக்கூடத் தொலைக்காதவர் என்று மேடையில் புகழ்ந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

“ரெண்டு தொலைச்சிருக்கேன்,” என்றேன். “ரெண்டும் யாரோடதுன்னு எனக்குத் தெரியும்.”